வாசலில் ஒரு மொழித்தேர்வு: திறன்சார் விசாக்களின் முன்கதை

1934ஆம் ஆண்டு நவம்பர் மாதம். கால் முறிந்த ஒருவர் சிட்னி நகரத்தின் காவல் நிலையம் ஒன்றுக்குக் கொண்டுவரப்படுகிறார். பெயர் எகோன் எர்வின் கிஷ். பிராகாவில் பிறந்த யூதர். ஜெர்மன் மொழியில் எழுதிப் புகழ்பெற்ற பத்திரிகையாளர். ஹிட்லரின் ஆட்சியில் சிறைப்பட்டு மீண்டவர். போரெதிர்ப்பு மாநாடொன்றில் பேசுவதற்காக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியவரை மெல்பர்னில் கரையிறங்க அந்நாட்டு அரசு விடவில்லை. கப்பலின் மேல்தளத்திலிருந்து அவர் துறைமேடைமீது குதித்தார், கால் முறிந்தது. மீண்டும் கப்பலில் ஏற்றப்பட்டு சிட்னிக்கு வந்தபோது, நாட்டின் தலைமை நீதிமன்றத்தைச் சேர்ந்த நீதிபதி எவாட், அவர்மீதான தடை செல்லாது எனத் தீர்ப்பளித்தார்.

அதிகாரிகளிடம் இன்னொரு கருவி எஞ்சியிருந்தது. சொல்வதெழுதல் தேர்வு. அதிகாரி ஒரு பத்தியை வாசிப்பார். வந்தவர் அதைப் பிழையின்றி எழுத வேண்டும். எழுதத் தவறினால் அவர் தடைசெய்யப்பட்ட குடியேறி. கிஷ் பல ஐரோப்பிய மொழிகளை அறிந்தவர். எனவே அவருக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட மொழி, ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மக்கள் பேசும் கேலிக். அவர் தோற்றார். வழக்கு மீண்டும் நீதிமன்றம் சென்றது. அவ்வாண்டு டிசம்பரில், சட்டம் குறிப்பிடும் பொருளில் ஸ்காட்டிஷ் கேலிக் ஓர் ஐரோப்பிய மொழியே அன்று என நீதிபதிகள் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தனர். கிஷ் தப்பினார். ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த ஸ்காட்லாந்து வழிவந்தோர்தாம் தங்கள் முன்னோரின் மொழிக்கு நேர்ந்த அவமதிப்பை எதிர்த்து நாளிதழ்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தனர்.

வேடிக்கைக் கதையாகவே இந்நிகழ்வு இன்று நினைவுகூரப்படுகிறது. ஆனால் கனடாவுக்கோ பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ திறன்சார் விசாவில் செல்ல விரும்பும் ஒரு செவிலியரும் மென்பொருள் பொறியாளரும் இன்று கடக்க வேண்டிய முதல் வாசல் ஒரு மொழித்தேர்வு. அந்த வாசலுக்கு ஒரு முன்கதை உண்டு. வந்தவரின் முகத்தைப் பார்த்தபின் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் முறையிலிருந்து, கேள்வியை முன்கூட்டியே அறிவித்து அனைவருக்கும் ஒரே அளவுகோலை வைக்கும் முறையை நோக்கி உலகம் மெதுவாக நகர்ந்த கதை அது. அந்த நகர்வு முற்றுப்பெறவில்லை என்பதும் அக்கதையின் பகுதி.

1. நேட்டாலின் படிவம்

இக்கதை ஆஸ்திரேலியாவில் தொடங்கவில்லை. இந்தியப் பெருங்கடலின் மறுகரையில் தொடங்கியது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் குடியேற்றத்திலுள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தனர். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழும் தெலுங்கும் பேசியோர் மிகுதி. அவர்களைத் தொடர்ந்து, சொந்தச் செலவில் கப்பலேறிய குஜராத்தி வணிகர்களும் கணக்கர்களும் வந்தனர்.

தோட்டத்தில் குனிந்து உழைத்த இந்தியரால் வெள்ளைக் குடியேறிகளுக்குத் தொல்லை இல்லை. கடை திறந்த இந்தியரே அவர்களுக்கு இடையூறாகத் தெரிந்தார். 1895இல், ஒப்பந்தம் முடிந்த பின்னும் தங்கிவிட்ட இந்தியர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும் என்னும் சட்டம் வந்தது. 1896 டிசம்பரில் பம்பாயிலிருந்து 'கோர்லண்ட்', 'நாதேரி' என்னும் இரு கப்பல்கள் டர்பனை அடைந்தபோது, பிளேக் நோயைக் காரணம் காட்டி அவை மூன்று வாரங்களுக்கு மேல் கடலிலேயே நிறுத்தப்பட்டன. கோர்லண்டில் மோகன்தாஸ் காந்தியும் அவருடைய குடும்பமும் இருந்தனர். 1897 ஜனவரி 13 அன்று கரையிறங்கிய காந்தியை ஒரு கும்பல் தாக்கியது. காவல் கண்காணிப்பாளரின் மனைவி தம் குடையை விரித்து இடையில் நின்று அவரைக் காத்தார்.

அவ்வாண்டிலேயே நேட்டால் சட்டமன்றம் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் 'இந்தியர்' என்ற சொல் இல்லை. 'ஆசியர்' என்ற சொல்லும் இல்லை. வருபவர் ஒரு விண்ணப்பப் படிவத்தைத் தம் கையால், ஐரோப்பிய மொழி ஏதேனும் ஒன்றின் எழுத்துகளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று மட்டும் அது கூறியது. படிவம் மிகச் சிறியது. பெயர் என்ன, கடந்த பன்னிரண்டு மாதங்கள் வசித்த இடம் எது, செய்யும் தொழில் யாது, எங்கே எந்த ஆண்டு பிறந்தவர் என்பனவே அதன் கேள்விகள்.

மூன்றாவது கேள்வியைச் சற்று நின்று நோக்க வேண்டும். படிவம் தொழிலைக் கேட்டது. ஆனால் அந்தத் தொழிலை எடைபோடவில்லை. வந்தவர் தச்சரா, மருத்துவரா, பொற்கொல்லரா என்பது எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. விடை எந்த எழுத்தில் எழுதப்பட்டது என்பதே அனைத்தையும் முடிவுசெய்தது. தமிழிலோ குஜராத்தியிலோ உருதுவிலோ பெரும் வணிகக் கணக்குகளை எழுதி ஆண்டவர், அச்சட்டத்தின் கண்களில் எழுத்தறிவற்றவர்.

இன்னொரு கூறும் அச்சட்டத்தில் இருந்தது. அரசு ஏற்பாட்டின்கீழ் கொண்டுவரப்படும் ஒப்பந்தக் கூலிகளுக்கு இந்தத் தேர்வு பொருந்தாது. அதாவது, எழுத்தறிவு வேண்டப்பட்டது சுதந்திரமாக வருபவரிடம் மட்டுமே. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டு வருபவர் எழுதத் தெரியாதவராக இருந்தாலும் வாசல் திறந்தே இருந்தது. உழைப்பு வேண்டும், உழைப்பவர் குடிமகனாகக் கூடாது என்னும் எண்ணம் சட்டமொழியில் இதைவிடத் தெளிவாக எழுதப்பட்டிருக்க முடியாது.

2. இனத்தைச் சொல்லாமல் விலக்கும் கலை

அதே 1897இல், விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை ஒட்டி இலண்டனில் கூடிய குடியேற்ற நாடுகளின் பிரதமர்கள் மாநாட்டில், குடியேற்றத் துறை அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் நேட்டாலின் வழியைப் பரிந்துரைத்தார். பேரரசின் குடிகளை இனத்தாலும் நிறத்தாலும் வெளிப்படையாகப் பிரிப்பது இந்தியாவில் மனக்கசப்பை வளர்க்கும், ஜப்பானையும் புண்படுத்தும். எனவே நோக்கம் நிறைவேற வேண்டும், சொல் மட்டும் மாற வேண்டும் என்பது அவருடைய அறிவுரையின் சாரம்.

ஆஸ்திரேலியா அதை ஏற்றது. 1901 டிசம்பரில் நிறைவேறிய குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பத்தியை அதிகாரி தேர்ந்தெடுக்கும் ஐரோப்பிய மொழியில் எழுதுமாறு பணித்தது. நேட்டாலில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தவரிடம் இருந்தது; ஆஸ்திரேலியாவில் அது அதிகாரியின் கைக்கு மாறியது. இந்தச் சிறு மாற்றம் தேர்வின் இயல்பையே தலைகீழாக்கியது. ஆங்கிலம் தெரிந்தவருக்குப் பிரெஞ்சு. பிரெஞ்சு தெரிந்தவருக்கு வேறொன்று. கரையிறங்கிய பின்னரும் குறித்த காலத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தேர்வுக்கு அழைக்கலாம்.

விளைவை எண்களே சொல்கின்றன. 1902, 1903 ஆகிய இரண்டாண்டுகளில் 805 முறை தேர்வு நடத்தப்பட்டது; தேறியவர் 46 பேர். 1904 முதல் 1909 வரை 554 முறை. தேறியவர் 6 பேர். அதன்பின் ஒருவரும் தேறவில்லை. எவரும் தேற முடியாத ஒன்றுக்குத் தேர்வு என்ற பெயர் மட்டும் 1958ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் வரும்வரை நீடித்தது.

எது ஐரோப்பிய மொழி என்னும் கேள்வி இதனிடையே விந்தையான வடிவங்களை எடுத்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்தில் 1902இல் வந்த சட்டம், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களைச் சிக்கலில் ஆழ்த்தியது. அவர்கள் பேசிய இத்திஷ் மொழி ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தது. ஆனால் எபிரேய எழுத்தில் எழுதப்படுவது. நீண்ட முறையீடுகளுக்குப் பின் 1906ஆம் ஆண்டுச் சட்டம் இத்திஷ் ஓர் ஐரோப்பிய மொழி என ஏற்றது. 1916இல் 'காஞ்ச்' என்னும் பிரெஞ்சுக் கப்பலில் மால்டா தீவினர் 214 பேர் ஆஸ்திரேலியாவை அடைந்தனர். மால்டா ஐரோப்பாவில் உள்ளது. அவர்கள் பிரிட்டிஷ் குடிகள். ஆயினும் அவர்களுக்கு டச்சு மொழியில் தேர்வு வைக்கப்பட்டது. அனைவரும் தோற்றதாக அறிவிக்கப்பட்டனர்.

கிரேக்கமும் இலத்தீனும் சமஸ்கிருதமும் ஒரு மூலத்திலிருந்து கிளைத்தவையாக இருக்கலாம் என்று வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் அறிவித்தது 1786இல். இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் என்னும் கருத்து அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. அந்த அறிவு எதுவும் துறைமுகத்தின் மேசையை எட்டவில்லை. வங்காளியும் பஞ்சாபியும் குஜராத்தியும் மொழிநூலில் ஆங்கிலத்தின் உறவினர். குடியேற்ற அலுவலகத்தில் அந்நியர். மொழிகளின் எல்லையை அங்கே வகுத்தது மொழிநூல் அன்று, வந்து நிற்பவரின் தோற்றம்.

இனத்தைச் சொல்லாமல் விலக்குவதற்கு மொழி மட்டுமே வழியாக இருக்கவில்லை. கனடா 1908இல், பிறந்த நாட்டிலிருந்து இடைநில்லாப் பயணமாக வருபவரையே ஏற்போம் என்றது. இந்தியாவிலிருந்து அத்தகைய கப்பல் வசதி இல்லை என்பது தெரிந்தே எழுதப்பட்ட விதி அது. 1914இல் 376 பயணிகளுடன் வான்கூவர் அடைந்த 'கோமகாத்தா மாரு' கப்பல், இரண்டு மாதம் துறைமுகத்தில் நின்றபின் திருப்பி அனுப்பப்பட்டது. அமெரிக்காவோ 1917இல் ஓர் எழுத்தறிவுத் தேர்வைக் கொண்டுவந்தது. எந்த மொழியில் வேண்டுமானாலும் வாசித்துக் காட்டலாம் என்ற அளவில் அது நேர்மையான தேர்வே. ஆனால் அதே சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியாவின் பெரும்பகுதியை வரைபடத்தில் கோடிட்டு மொத்தமாக விலக்கிவிட்டது. நேர்மையான தேர்வை எழுதும் வாய்ப்பே அப்பகுதி மக்களுக்குக் கிட்டவில்லை.

3. 'திறன்' சட்டத்துக்குள் நுழைந்தபோது

மக்களை அனுப்பிய நாடும் அவர்களை வகைபிரித்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1917இல் நிறுத்தப்பட்ட பிறகு, 1922இல் பிரிட்டிஷ் இந்தியா ஒரு புதிய குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றியது. திறன்சாரா உழைப்பு, திறன்சார் வேலை என்னும் பிரிவினை அதில் தெளிவாக இடம்பெற்றது. இன்று அதை வாசிப்பவருக்கு வியப்பளிப்பது, 'திறன்சார் வேலை' என்பதற்கு அச்சட்டம் தந்த விளக்கம். கைவினைஞர் அதில் உண்டு. எழுத்தரும் கடை உதவியாளரும் உண்டு. உணவகப் பணியும் வீட்டுப் பணியும்கூட உண்டு. வயலிலும் தோட்டத்திலும் கூட்டமாக அனுப்பப்படும் உழைப்பைத் தவிர்த்த பெரும்பான்மை வேலைகள் அன்று திறன் என்ற பெயரைப் பெற்றன. இன்றைய எந்த வளர்ந்த நாட்டின் பட்டியலிலும் வீட்டுப் பணி அப்பெயரைப் பெறாது.

சொல் வரலாறு இங்கே துணைசெய்கிறது. 'ஸ்கில்' என்ற ஆங்கிலச் சொல், வேறுபாடு என்றும் பிரித்தறிதல் என்றும் பொருள்படும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'திறம்' என்பதற்கு ஆற்றல் என்னும் பொருளோடு கூறுபாடு, வகை என்னும் பொருள்களும் உண்டு. இரு மொழிகளிலும் அச்சொல்லின் அடியில் பிரித்தல் இருக்கிறது. குடியேற்றச் சட்டங்கள் அச்சொல்லை ஏற்றபோது, ஒருவரிடம் உள்ள ஆற்றலைக் காட்டிலும் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்கும் பயனே அவற்றுக்கு வேண்டியிருந்தது.

சுதந்திர இந்தியாவும் அப்பிரிவினையைக் கைவிடவில்லை. 1922ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் தனி அனுமதி பெற வேண்டும். ஏமாற்றப்படுவோரைக் காப்பதே அதன் நோக்கம். அந்தப் பாதுகாப்புக்குத் தேவையும் உண்டு. ஆயினும் அத்தகையோருக்கு ஆரஞ்சு நிறத்தில் தனிக் கடவுச்சீட்டு வழங்கும் திட்டம் 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்டபோது, அது குடிமக்களை இரு தரமாக்கும் என்ற கண்டனம் எழுந்து, அம்மாத இறுதிக்குள்ளேயே திட்டம் திரும்பப் பெறப்பட்டது. கொத்தனாரும் கம்பி வளைப்பவரும் பற்றவைப்பாளரும் பல்லாண்டுப் பயிற்சியால் பெற்றதைத் திறன் என்று எண்ணாமல், பள்ளிச் சான்றிதழை மட்டும் எண்ணும் வழக்கம் வாசலின் இரு பக்கங்களிலும் ஒன்றே.

4. ஐம்பது புள்ளிகள்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இனப் பாகுபாட்டை வெளிப்படையாகவோ மறைவாகவோ தாங்கிப் பிடிப்பது கடினமாயிற்று. குடியேற்ற நாடுகள் விடுதலை பெற்றன. தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். 1962 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிரிட்டனின் காமன்வெல்த் குடியேறிகள் சட்டம், வேலைச் சீட்டுகளை மூன்றாகப் பகுத்தது. முதல்வகை, குறிப்பிட்ட வேலை உறுதியானோருக்கு. இரண்டாம் வகை, பற்றாக்குறையுள்ள தகுதி உடையோருக்கு. மூன்றாம் வகை, மற்றவர்க்கு. 1965ஆம் ஆண்டின் வெள்ளை அறிக்கை மூன்றாம் வகையை ஒழித்தது. திறன் என்ற சொல் அதன்பின் வாசலின் பெயராயிற்று.

இந்த வரலாற்றின் உண்மையான திருப்புமுனை கனடாவில் நிகழ்ந்தது. 1962இல் அமைச்சர் எலன் ஃபேர்கிளவ் கொண்டுவந்த விதிகள் இனம், தோன்றிய நாடு ஆகிய அளவுகோல்களைப் பெரும்பாலும் அகற்றின. ஆனால் அவற்றின் இடத்தில் எதை வைப்பது என்பது அப்போது தெளிவாகவில்லை. ஒவ்வோர் அதிகாரியும் தம் விருப்பப்படி முடிவெடுத்தனர். 1967 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புள்ளிமுறை அதற்கு விடையளித்தது. மொத்தம் 100 புள்ளிகள். 50 பெற்றால் போதும். கல்விக்கும் பயிற்சிக்கும் 20, தொழிலுக்கு உள்ள தேவைக்கு 15, தொழில்திறனுக்கு 10, வயதுக்கு 10, உறுதியான வேலைக்கு 10, ஆங்கிலம், பிரெஞ்சு மொழியறிவுக்கு 10, உறவினர் இருத்தலுக்கும் செல்லும் பகுதியின் வேலைவாய்ப்புக்கும் தலா 5. எஞ்சிய 15 புள்ளிகள் அதிகாரி நேர்காணலில் உணரும் தனிப்பண்புகளுக்கு.

இப்பட்டியலின் சிறப்பு அதன் கூட்டுத்தொகையில் இல்லை. அது அச்சிடப்பட்டு எவரும் வாசிக்கக் கிடைத்தது என்பதில்தான் இருக்கிறது. டெல்லியிலோ மணிலாவிலோ கிங்ஸ்டனிலோ இருந்த ஒருவர், அதிகாரியின் முன் நிற்பதற்கு முன்பே தம் மதிப்பெண்ணை ஏறத்தாழக் கணக்கிட்டுக்கொள்ள முடிந்தது. மொழி அங்கே பூட்டாக இல்லை. நூற்றில் பத்துப் பங்கு எடையாக மட்டும் இருந்தது. ஆங்கிலமும் பிரெஞ்சும் அறியாதவரும் பிற தகுதிகளால் உள்ளே வர வழி இருந்தது. தனிப்பண்புகளுக்கான அந்தப் 15 புள்ளிகளில் மட்டும் பழைய அதிகாரியின் நிழல் எஞ்சியது. 1970களிலேயே கனடாவுக்கு வருவோரில் ஆசியரின் பங்கு வேகமாக உயர்ந்தது. ஆஸ்திரேலியாவும் 1973இல் வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையை முற்றிலும் கைவிட்டு, 1979இல் தானும் ஒரு புள்ளிமுறையை ஏற்றது.

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. 1946 முதல் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்றிருந்த ஒதுக்கீடு, 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. மருத்துவரும் பொறியாளரும் அறிவியலாளரும் செல்லத் தொடங்கினர். 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஹெச்-1பி என்னும் வகையை உருவாக்கி, ஆண்டுக்கு 65,000 என வரம்பிட்டது. அங்கே புள்ளிகள் இல்லை. நிறுவனம் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அவர் திறனாளர். விண்ணப்பங்கள் வரம்பை மீறும்போது குலுக்கல். நிரந்தர வசிப்புரிமைக்கோ, எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்னும் விதி. கணக்கிடப்படுவது குடியுரிமை அன்று, பிறந்த இடம். அதனால் இந்தியாவில் பிறந்த பொறியாளர், ஒரே அலுவலகத்தில் அடுத்த மேசையில் அமர்ந்திருக்கும் சிறு நாட்டவரைக் காட்டிலும் பத்தாண்டுக்கு மேல் கூடுதலாகக் காத்திருக்கிறார். நேட்டால் படிவத்தின் கடைசிக் கேள்வி, எங்கே பிறந்தவர் என்பது, அங்கே இன்னும் முடிவுசெய்யும் கேள்வியாகவே நிற்கிறது.

5. நடுவழியில் மாறும் விதி

மொழித்தேர்வு புதிய உருவில் திரும்பியதும் இக்காலத்திலேதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913இல் வெளிநாட்டவருக்கென முதல் ஆங்கிலத் தகுதித் தேர்வை நடத்தியபோது எழுதியவர் மூவர், மூவரும் தேறவில்லை. 1989இல் ஐஇஎல்டிஎஸ் தொடங்கியபின், பல்கலைக்கழகச் சேர்க்கைக்கென உருவான தேர்வு சிறிது சிறிதாகக் குடியேற்றத்தின் அளவுகோலாயிற்று. இதைச் சொல்வதெழுதல் தேர்வோடு ஒப்பிடுவது நியாயமாகாது. இதன் மொழி முன்பே தெரியும், வினாவமைப்பு தெரியும், தயாரித்துக்கொள்ள முடியும், கோடிக்கணக்கானோர் தேறியிருக்கின்றனர். நோயாளியிடம் பேச வேண்டிய செவிலியருக்கு மொழி வேண்டும் என்பதும் மறுக்க முடியாதது. பழைய தேர்வு மீளும் ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒருவர் வாசலைக் கடந்து வந்தபின், அல்லது வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போது, விதி மாறும் இடம் அது.

பிரிட்டன் 2002இல் தொடங்கிய உயர்திறன் குடியேறிகள் திட்டம் அதற்குத் தெளிவான சான்று. வேலை உறுதியின்றியே, புள்ளிகளின் அடிப்படையில் வர அது இடமளித்தது. பிரிட்டனையே தம் முதன்மை வாழ்விடமாக்கிக் கொள்வதாக விண்ணப்பதாரர் எழுத்துமூலம் உறுதியளிக்க வேண்டியிருந்தது. பலர் வேலையை விட்டு, வீட்டை விற்று, குழந்தைகளைப் பள்ளி மாற்றிச் சென்றனர். அவர்களுள் இந்தியர் ஏராளம். 2006 நவம்பரில் அரசு புள்ளிகளின் அமைப்பை மாற்றியது. பணி அனுபவத்துக்கான புள்ளிகள் நீக்கப்பட்டன. ஆங்கிலத் தேர்ச்சி கட்டாயமாயிற்று. ஏற்கெனவே வந்து வாழ்ந்துகொண்டிருந்தோரும் விசாவை நீட்டிக்கப் புதிய அளவுகோலில் மீண்டும் தேற வேண்டும் என்றாயிற்று. அவ்வாறு வந்தவர்கள் ஒன்றுகூடி வழக்குத் தொடுத்தனர். 2008 ஏப்ரலில் இலண்டன் உயர் நீதிமன்றம், திட்டத்தை நம்பி வந்தோர்மீது புதிய விதியைச் சுமத்துவது நியாயமற்றது, சட்டத்துக்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தது. உறுதிமொழி இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள்.

கனடாவில் வரிசையில் நின்றோருக்கு அத்தகைய தீர்ப்பு வாய்க்கவில்லை. 2008 பிப்ரவரிக்கு முன் விண்ணப்பித்து முடிவு பெறாதிருந்த திறன்சார் விண்ணப்பங்களை 2012ஆம் ஆண்டின் சட்டம் ஒரே அடியில் முடித்துவைத்தது. குடும்பத்தினரையும் சேர்த்தால் சுமார் 2,80,000 பேரின் காத்திருப்பு அது. கட்டணம் திருப்பித் தரப்பட்டது; கடந்துபோன ஆண்டுகளைத் திருப்பித்தர எவராலும் இயலவில்லை. நீதிமன்றங்கள் நாடாளுமன்றத்தின் அதிகாரத்தை உறுதிசெய்தன. 1967இல் முப்பது வயதுக்காரருக்கு இருந்த முழு வயதுப் புள்ளி, வரிசையில் எட்டாண்டு நின்றவருக்குத் தேய்ந்துபோயிருக்கும். 2015 முதல் நடைமுறையிலுள்ள முறையில் அதிகபட்சம் 1,200 புள்ளிகள். தனியாக விண்ணப்பிப்பவரின் முதல் அலுவல் மொழிக்கு மட்டும் 136 வரை. ஆனால் தேர்ச்சிக்குரிய மதிப்பெண் நிலையானதன்று. ஒவ்வொரு சுற்றிலும் அது மாறும். சுற்று முடிந்த பின்னரே தெரியவரும். அச்சிட்ட 50 என்னும் எண் தந்த உறுதி அதில் இல்லை.

மொழித்தேர்வின் பெயரால் நேர்ந்த பெருந்துயரம் பிரிட்டனில் 2014இல் தொடங்கியது. இலண்டனின் சில தேர்வு மையங்களில் ஆள்மாறாட்டம் நடப்பதைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று அம்பலப்படுத்தியது. மோசடி நடந்தது உண்மை. ஆனால் அதன்பின், 2011 முதல் 2014 வரை பிரிட்டனில் எழுதப்பட்ட 58,458 தேர்வுகளில் 58 விழுக்காடு செல்லாதவை எனவும், 39 விழுக்காடு ஐயத்துக்குரியவை எனவும் தேர்வை நடத்திய நிறுவனம் வகைப்படுத்தியது. ஐயத்துக்கு அப்பால் நின்றவை நூற்றில் மூன்று. அந்தப் பட்டியலை நம்பி ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசாக்களை அரசு ரத்துசெய்தது. அவர்களுள் பெரும்பாலோர் தெற்காசியர். தங்களுக்கெதிரான சான்றையே காணாமல், நாட்டைவிட்டு வெளியேறிய பின்னரே மேல்முறையீடு செய்யலாம் என்ற நிலையில் பலர் நின்றனர். சரளமான ஆங்கிலத்தில் வாதாடி, ஆங்கிலம் தெரியாமல் ஏமாற்றியவர் என்ற பழியைத் துடைக்க அவர்களுள் சிலர் ஆண்டுக்கணக்கில் போராடினர். கிஷ் சிரித்துக்கொண்டே கடந்த வாசலில் இவர்களால் சிரிக்க முடியவில்லை.

அண்மை நிகழ்வுகளும் அதே தடத்தில் செல்கின்றன. முதியோர் பராமரிப்புப் பணியாளர்களுக்குப் பிரிட்டன் 2022 பிப்ரவரியில் வாசலைத் திறந்தது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுப்பதை நிறுத்தியது. பராமரிப்புப் பணியின் இயல்பு அந்த மூன்றாண்டுகளில் மாறவில்லை. அதைத் திறன் என்றழைக்கும் தேவை மாறியது. 2025 செப்டம்பர் 19 அன்று, புதிய ஹெச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என அமெரிக்க அதிபர் அறிவித்தபோது, அது எவருக்குப் பொருந்தும் என்பது முதல் நாளில் தெளிவாக இல்லை. விடுப்பில் இந்தியா வந்திருந்தோர் உடனே திரும்ப விமானச்சீட்டுத் தேடினர். ஏற்கெனவே விசா உடையோருக்குப் பொருந்தாது என்ற விளக்கம் மறுநாள் வந்தது. அந்த ஓர் இரவின் பதற்றத்தில் 1901ஆம் ஆண்டுத் துறைமுகத்தின் சாயல் இருந்தது.

6. எஞ்சும் கேள்வி

தனக்கு எவர் வேண்டும் என முடிவுசெய்யும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. கல்வியையும் வயதையும் மொழியையும் அளப்பது பிழையாகாது. நேட்டால் முதல் இன்றுவரையிலான நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் கற்பிப்பது இவ்வளவே: அளவுகோலின் நேர்மை, எதை அளக்கிறது என்பதைவிட எப்போது அறிவிக்கப்படுகிறது என்பதில் மிகுதியாகத் தங்கியுள்ளது. முன்பே அறிவிக்கப்பட்டு, அனைவருக்கும் ஒன்றாக இருந்து, ஒருவர் அதை நம்பி வாழ்வை மாற்றிக்கொண்டபின் தானும் மாறாதிருந்தால் அது தேர்வு. வந்து நிற்பவரைக் கண்டபின் கேள்வியை மாற்ற இடமளித்தால், அது எவ்வளவு நவீனமான படிவத்தில் இருந்தாலும் சொல்வதெழுதலே.

வெளிநாடு செல்லும் கனவுடன் இன்று பயிற்சி மையத்தில் அமர்ந்திருக்கும் இளைஞர், தம் மதிப்பெண் அரைப்புள்ளி குறைந்தால் தம்மிடம் திறன் இல்லை என்று எண்ணிவிடுகிறார். இந்த வரலாறு அவருக்கு ஓர் ஆறுதலையும் ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. திறன் என்று சட்டங்கள் அழைப்பது அந்நாட்டின் அந்நேரத்துத் தேவையை. அது ஒருவரின் உண்மையான ஆற்றலுக்கு அளவாகாது. ஆனால் தேவை மாறும்போது விதியும் மாறும் என்பதால், வீட்டை விற்கும் முன், கடன் வாங்கும் முன், அந்த விதி தம்மைப் போலவே அந்நாட்டு அரசையும் கட்டுப்படுத்துகிறதா என்று அவர் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. டர்பன் துறைமுகத்தில் அந்தச் சிறு படிவத்தைக் கையில் வாங்கியவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுவே. அவர்களுக்கு அதைக் கேட்க இடமிருக்கவில்லை.